தொட்டி நிறைவது கோளாறு அல்ல: தெஹிவளை வீட்டுக் கழிவுக்குழி பற்றி ஒரு பதில்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தெஹிவளையில் பத்து பேர்ச்சஸ் காணி, பழைய வீடு, ஆறு பேர். நல்ல மழை பெய்தால் கீழே இருக்கும் கொமட்டில் தண்ணீர் இறங்க மறுக்கிறது. குளியலறைத் தரை ஓட்டைக்குள் குளுக் குளுக் என்று சத்தம் வருகிறது. போன மாதம் பவுசர் வைத்து மலக்குழியைக் காலி செய்தீர்கள். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் பழையபடி நிறைந்திருக்கிறது. பவுசர்காரர் ஏமாற்றிவிட்டாரா? பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறபடி ஈஸ்ட் வாங்கிக் கொட்டலாமா? மேசன் பாஸ் சொல்கிறபடி இன்னொரு குழி வெட்டத்தான் வேண்டுமா?

பவுசர்காரர் மீது கோபப்படாதீர்கள். செப்டிக் தொட்டி எப்போதும் நிறைந்துதான் இருக்கும், அப்படி இருக்கத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். ஆறு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்று வைத்தால் 720 லீற்றர். உங்கள் தொட்டி 2000 லீற்றர் அளவு என்றால் மூன்றாம் நாள் நிறைந்தே தீரும். கட்டட வேலைத்தளங்களில் முப்பது வருடம் மேற்பார்வை செய்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் வருடத்துக்கு மூன்று தடவை பவுசருக்குக் காசு கொடுக்கும் வீடுகளைத்தான் அதிகம் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், என் சொந்த வீட்டிலும் ஒரு காலத்தில் இதே கதைதான்.

ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து 'குழி' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இருப்பது இரண்டு. ஒன்று தொட்டி. சீமெந்து பூசி, ஒரு சொட்டும் கசியாமல் இருக்கவேண்டியது. மற்றது உறிஞ்சுகுழி, மேசன்மார் வாயில் 'சோக்கேஜ் பிட்'. அது கசியவேண்டியது. சுவரில் கபுக் கல்லோ செங்கல்லோ சாந்து இல்லாமல் அடுக்கியிருப்பார்கள், அல்லது துளையுள்ள கொங்கிரீட் வளையங்களை இறக்கியிருப்பார்கள். தொட்டியின் வேலை பிரிப்பது. உறிஞ்சுகுழியின் வேலை தண்ணீரை மண்ணுக்குக் கொடுப்பது. தொட்டி கெட்டுப்போவது அரிது. சாவது பெரும்பாலும் உறிஞ்சுகுழிதான். பவுசர் வருவதோ தொட்டிக்கு.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வீட்டிலிருந்து வரும் கழிவு நீர் உள்ளே வந்ததும் வேகம் அடங்கி நிற்கிறது. கனமானது அடியில் சேறாகப் படிகிறது. எண்ணெய், சவர்க்கார நுரை, இலேசானவை எல்லாம் மேலே ஆடையாகத் திரள்கின்றன. நடுவில் ஓரளவு தெளிந்த நீர். வெளியேறும் குழாய் 'டி' வடிவில் கீழ்நோக்கி இறங்கி அந்த நடு நீரை மட்டும் எடுத்து உறிஞ்சுகுழிக்கு அனுப்புகிறது. உள்ளே வரும் குழாய் வெளியே போகும் குழாயைவிட இரண்டு மூன்று அங்குலம் உயரத்தில் இருக்கும். வீட்டில் ஒரு வாளி ஊற்றினால் மறுபக்கம் ஒரு வாளி வெளியேறும், அவ்வளவுதான் கணக்கு. ஒழுங்காகக் கட்டிய தொட்டியில் நடுவே ஒரு சுவர் இருக்கும். முதல் அறை மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சேற்றில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும்.

அடியில் இருக்கும் சேற்றை, காற்றில்லாமல் வாழும் பக்டீரியாக்கள் மெல்ல மெல்லத் தின்கின்றன. நம் ஊர்ச் சூடு அவற்றுக்கு நல்லது. ஆனால் எல்லாவற்றையும் தின்று முடிக்க அவற்றால் முடியாது. ஆளொருவருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 40 லீற்றர் சேறு மிஞ்சும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் வீட்டில் ஆறு பேர், ஆக வருடத்துக்கு 240 லீற்றர். சேறும் ஆடையும் சேர்ந்து தொட்டியின் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தால் பவுசரைக் கூப்பிடவேண்டும். 2000 லீற்றர் தொட்டியில் அது ஏறத்தாழ 660 லீற்றர். மூன்று வருடத்துக்குச் சற்று முன்பு. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு இதே தொட்டி எட்டு வருடமும் தாங்கும். ஆகவே 'எத்தனை வருடத்துக்கு ஒருமுறை' என்று கேட்டால் பொதுவான பதில் இல்லை. அளந்து பார்ப்பதுதான் வழி.

அளப்பது எளிது. எட்டடி நீளத் தடி ஒன்று, கமுகஞ் சலாகை என்றாலும் போதும். அதன் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துவாயைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். முதல் அறை மூடி வழியாக, மேல் ஆடையை விலக்கி, அடி தட்டும் வரை நேராக இறக்குங்கள். ஐந்து நிமிடம் அப்படியே பிடித்துவிட்டு மெதுவாக இழுங்கள். துவாயில் கோடு கிழித்த மாதிரித் தெரியும்: மேலே சாம்பல் நிறம், கீழே தார் பூசியதுபோல் கறுப்பு. அந்தக் கறுப்பின் உயரம்தான் சேறு. தண்ணீர் நான்கடி ஆழம் என்றால், கறுப்பு ஓரடிக்கு மேல் ஏறியிருந்தால் பவுசருக்குச் சொல்லலாம். அரை அடிதான் என்றால் காசை மிச்சப்படுத்துங்கள், உங்கள் பிரச்சினை சேறு அல்ல. கையுறை போடுங்கள், துவாயை எறிந்துவிடுங்கள், வீட்டில் யாருக்கும் காட்டவேண்டாம்.

மூடியைத் திறக்க முன் ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டே இல்லை. தொட்டிக்குள் மெதேனும் ஐதரசன் சல்பைட்டும் தேங்கியிருக்கும். முதலாவது தீப்பிடிக்கும், இரண்டாவது ஆளைக் கொல்லும். அழுகிய முட்டை வாசம் அடிக்கும் என்று நினைப்போம். அளவு கூடினால் அது மூக்கையே மரக்கச் செய்துவிடும், வாசமே தெரியாது. சிகரெட், நுளம்புச்சுருள், குப்பி விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். குனிந்து தலையை உள்ளே விடக்கூடாது. விழுந்த கைபேசியை எடுப்பதற்கென்றாலும் சரி, அடைப்பு எடுப்பதற்கென்றாலும் சரி, யாரும் உள்ளே இறங்கக்கூடாது. 'நான் பழகின ஆள், ஐயா' என்று இறங்க வரும் கூலியாளையும் விடாதீர்கள். ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்கப் போய் இரண்டாவது ஆளும் சாவதுதான் இந்த விபத்துகளில் வழமை. திறந்த மூடியை ஒரு நிமிடம்கூடக் காவல் இல்லாமல் விடாதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம். வெடித்த சிலாப்பின் மேல் தகரம் போட்டுப் பூச்சாடி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய பொறி கிடையாது.

இனி, உங்கள் வீட்டில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது. ஒரேயொரு இடத்தில் மட்டும், உதாரணமாகக் கை கழுவும் பேசினில் மட்டும், தண்ணீர் மெதுவாகப் போனால் அது அந்தக் குழாயின் வளைவுக்குள் இருக்கும் முடியும் சவர்க்காரமும். தொட்டியோடு சம்பந்தமில்லை. கீழ்மாடியில் எல்லாம் ஒன்றாக மெதுவானால், கொமட்டில் ஃபிளஷ் அடிக்கும்போது தரை ஓட்டையில் சத்தம் வந்தால், பிரதான குழாய்க்குப் போங்கள். வீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு மேன்ஹோல் பெட்டி இருக்கும். அதைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே ஃபிளஷ் அடிக்கட்டும். பெட்டி உலர்ந்தே இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். பெட்டி நிறைந்திருக்க, தொட்டியில் நீர்மட்டம் வழமையான இடத்திலேயே இருந்தால், அடைப்பு தொட்டி வாயிலில். பெரும்பாலும் உள்வரும் 'டி' குழாயில் ஆடை இறுகிப்போயிருக்கும், நீண்ட தடியால் குத்திவிட்டாலே திறக்கும். தொட்டியில் நீர் வெளியேறும் குழாயையே மூடி நின்றால், ஒன்றில் அந்தப் பக்கத்து 'டி' அடைத்திருக்கிறது, அல்லது உறிஞ்சுகுழி தண்ணீர் குடிக்க மறுக்கிறது.

கடைசி இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. பவுசர் உறிஞ்சும்போது பக்கத்தில் நின்று வெளியேறும் குழாயை டோர்ச் அடித்துப் பாருங்கள். தொட்டி இறங்க இறங்க அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி உள்ளே ஓடி வந்தால், உறிஞ்சுகுழி வாய்வரை நிறைந்து கிடக்கிறது என்று அர்த்தம். இதைப் பத்து வருடம் முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என் வீட்டில் இரண்டு பவுசர்க் காசு மிச்சமாகியிருக்கும். நான் உள்ளே இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களும் வாய் திறக்கவில்லை, அவர்களுக்கு என்ன, அடுத்த மாதமும் கூப்பிடுவேன்தானே.

உங்கள் விஷயத்தில் ஒரு குறிப்பு முக்கியம்: மழையில் மட்டும். வெயில் காலத்தில் எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அடைப்பைவிட எனக்கு வேறு இரண்டு சந்தேகங்கள்.

முதலாவது, பீலித் தண்ணீர். கூரையிலிருந்து இறங்கும் குழாயை வசதிக்காக மேன்ஹோலிலோ உறிஞ்சுகுழியிலோ விட்டிருக்கிறார்களா? பழைய வீடுகளில், அதுவும் பின்னால் ஒரு அறை நீட்டிக் கட்டிய வீடுகளில், இது சர்வசாதாரணம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 4600 லீற்றர் தண்ணீர். கொழும்பில் அது ஒரு பின்னேர மழை. உங்கள் தொட்டியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தண்ணீர் சில மணி நேரத்தில் பாய்ந்தால், உள்ளே படிந்திருக்கும் சேறு கலங்கி உறிஞ்சுகுழிக்குள் போய்விடும். குழியைக் கொல்ல இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. சோதிக்க, துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மழையில்லாத நாளில் கூரைக் குழாயில் ஊற்றுங்கள். மேன்ஹோலில் நீலம் தெரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். அந்தக் குழாயைப் பிரித்து மழைநீர்க் கானுக்கு விடுவதற்கு ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலை.

இரண்டாவது, நிலத்தடி நீர். உறிஞ்சுகுழியின் அடி, மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே குறைந்தது மூன்று நான்கு அடி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீருக்குள் தண்ணீரை ஊற்றிய கதை. கொழும்பும் சுற்றுப்புறமும் ஒரே மண் அல்ல. நுகேகொடைப் பக்கத்து மேடுகளில் கபுக் மண். கெட்டியாக இருந்தாலும் ஓரளவு குடிக்கும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்கம் மணல். தண்ணீர் வேகமாக இறங்கிவிடும், ஆனால் சுத்தமாகாமல் இறங்கும். அத்திடிய, பெல்லன்வில, கொலன்னாவைப் பக்கம் சதுப்பை நிரப்பிய காணிகள். வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இரண்டடி தோண்டினாலே தண்ணீர். தெஹிவளை என்று சொல்லிவிட்டீர்கள், காலி வீதிக்குக் கடற்பக்கமா, உள்ளே வாய்க்கால் பக்கமா என்று சொல்லவில்லை. அதைப் பொறுத்துப் பதில் மாறும். பக்கத்தில் கிணறு இருந்தால் மழை நாளில் எட்டிப் பாருங்கள். நீர்மட்டம் நிலத்திலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது என்பதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மேசன் சொன்ன இரண்டாவது குழியைப் பற்றி: அவர் முழுக்கப் பிழையும் இல்லை. உறிஞ்சுகுழிச் சுவரில் காலப்போக்கில் கறுப்பு வழுவழுப்பான படலம் ஒன்று படியும். கழிவைத் தின்னும் பக்டீரியாக்களே கட்டும் தோல் அது. கொஞ்சம் இருந்தால் வடிகட்டியாக நல்லது செய்யும், தடித்தால் மண் மூச்சுவிடாது. அப்படி ஒரு குழி களைத்துவிட்டால், பக்கத்தில் இன்னொன்று வெட்டி, நடுவில் ஒரு சிறிய மாற்றுப் பெட்டி வைத்து, பழையதுக்குப் போகும் வாயை அடைத்துவிடுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் காயவிட்டால் அந்தத் தோல் வெடித்து உதிரும். பழைய குழி பெரும்பாலும் திரும்ப வேலை செய்யும். பிறகு இரண்டையும் மாறி மாறிப் பாவிக்கலாம். ஆனால் காரணம் பீலித் தண்ணீர் என்றால் புதிய குழியையும் இரண்டு மூன்று மழையில் கொன்றுவிடுவீர்கள். காரணம் நிலத்தடி நீர் என்றால் ஆழமாக வெட்டுவது சுத்த முட்டாள்தனம். அப்போது ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டவேண்டும். நீளமான ஆழமற்ற வாய்க்காலில் துளையிட்ட குழாயும் கருங்கல்லும் போடலாம், அல்லது நிலத்துக்கு மேலே மேடு கட்டலாம். நம் மேசன்மாருக்கு ஆழம் என்றால் ஒரு காதல், 'பத்தடி வெட்டினால் வாழ்நாளுக்கும் பார்க்கத் தேவையில்லை' என்பார்கள். பத்தடியில் தண்ணீர் நிற்கிறது என்று கிணற்றைக் காட்டுங்கள்.

வெட்டுவதற்கு முன் மண்ணையும் கேளுங்கள். குழி வரப்போகும் ஆழத்தில் ஓரடிக்கு ஓரடி துளை ஒன்று தோண்டி, முதல் நாள் இரவே தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடி ஊற்றி, நீர் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தால் சாதாரண குழி அங்கே சரிவராது. செப்டிக் தொட்டிகளுக்கும் அதிலிருந்து வரும் நீரை அகற்றுவதற்கும் இலங்கைக்கென்றே எஸ்.எல்.எஸ். 745 என்ற தரக்கோவை இருக்கிறது. வேலைக்கு வருபவர் அந்த எண்ணைக் கேள்விப்பட்டிருக்கிறாரா என்று சும்மா கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தே ஆளை மட்டுக்கட்டலாம்.

கிணறு என்றதும் இன்னொன்று. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 60 அடி விடுவது பாதுகாப்பு. பத்து பேர்ச்சஸ் என்பது 2700 சதுர அடிச் சொச்சம், நாற்பதடிக்கு அறுபத்தெட்டடி மாதிரி. இதற்குள் வீட்டையும் வைத்துக்கொண்டு 60 அடி எங்கே தேடுவது? உங்களுக்குக் கிணறு இல்லாவிட்டாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். மணல் நிலத்தில் பக்கத்து வீட்டுக் கிணறும் உங்கள் குழியும் அயலவர்களைவிட நெருக்கமான உறவு. குழாய் நீர் வந்த பிறகும் குளிக்க, துணி துவைக்கக் கிணற்றை வைத்திருக்கும் வீடுகள் தெஹிவளையில் நிறைய. அந்த நீரை ஒருபோதும் கொதிக்கவைக்காமல் குடிக்கவேண்டாம். சந்தேகம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது நம் பீ.எச்.ஐ. ஐயாவிடம், சொல்லிப் பரிசோதனை செய்விக்கலாம்.

ஈஸ்ட் விஷயத்துக்கு வருவோம். வேண்டாம். ஈஸ்ட், சீனிப்பாணி, கடையில் பக்கெட்டில் விற்கும் பக்டீரியாத் தூள், செத்த கோழி (ஆமாம், அதையும் போடச் சொன்னவர்கள் உண்டு), எதுவுமே தேவையில்லை. மனிதக் கழிவிலேயே தேவைக்கு மேல் பக்டீரியா இருக்கிறது. பழக்கடையில் போய்ப் பழம் விற்பது போன்ற வேலை இது. அவற்றைப் போட்டால் பவுசர் தேவையில்லை என்பதும் பொய். கிளறிவிடும் சில தூள்கள் சேற்றை மிதக்கவைத்து உறிஞ்சுகுழிக்கு அனுப்பிவிடும், கேடு அதிகம்.

அதே மாதிரி, கிருமிநாசினி போட்டால் தொட்டி செத்துவிடும் என்று பயப்படுபவர்களும் உண்டு. வாரம் ஒருமுறை கொமட் கழுவும் ஹார்பிக் அளவுக்குத் தொட்டி அசையாது. ஒரு போத்தல் பிளீச்சை ஒரேயடியாகக் கவிழ்ப்பது வேறு கதை. அதைவிட முக்கியம், பிளீச்சையும் அமிலம் சேர்ந்த கழுவியையும் ஒன்றாக ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும். அடைப்புக்குக் கோஸ்டிக் சோடா கொட்டுவதையும் நான் விரும்புவதில்லை. வேலை செய்யாவிட்டால், பிறகு அந்தக் குழாயைக் கழற்ற வரும் பிளம்பரின் கண்ணுக்கு அது ஆபத்து. ரப்பர் பம்பும், சுருள் கம்பியும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

தொட்டியைவிட அதிகமாக நம் வீடுகளில் கெட்டுப்போவது குசினிக் குழாய். அதற்குக் காரணம் நம் சாப்பாடுதான், வேறு யாரையும் குறைசொல்ல முடியாது. தேங்காய் எண்ணெய் 24 பாகை வெப்பத்தில்தான் உறையும். கொழும்புச் சூட்டில் அது குழாயில் உறையாது, ஓடிப்போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தனியாக இருந்தால் சரி. ஆனால் அது சவர்க்காரத்தோடும் சோற்றுக் கஞ்சியோடும் ரொட்டி மாவோடும் சேர்ந்தால், மெழுகுமாதிரி ஒரு வெள்ளைப் பசை உருவாகும். கொகுவளையில் ஒரு வீட்டில் நான்கு அங்குலக் குழாயை அறுத்து எடுத்தோம். உள்ளே பெருவிரல் போகும் ஓட்டை மட்டும் மிச்சம். வெட்டு முகத்தில் வருடவருடமாக வளையங்கள், மரத்தை அறுத்தது போலவே. நடுநடுவே தேங்காய்ப்பூச் சக்கை. அந்த வீட்டு அம்மா 'நான் எண்ணெயே ஊத்துறதில்லை தம்பி' என்றார். நம்பினேன். கறிச் சட்டி கழுவுவதை யாரும் எண்ணெய் ஊற்றுவது என்று கணக்கில் எடுப்பதில்லை.

இதற்கு, குசினிக் குழாய் வெளியே வரும் இடத்தில் ஒரு கொழுப்புப் பொறிப் பெட்டி வையுங்கள். இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பெட்டி, வெளியேறும் பக்கம் 'டி' குழாய், தொட்டியின் குட்டிப் பிரதி. மிதக்கும் கொழுப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய கரண்டியால் அள்ளிப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். மறந்துவிட்டால் பெட்டியே இல்லாததும் ஒன்றுதான், நாற்றம் மட்டும் கூடுதல். சட்டியைக் கழுவமுன் பழைய பத்திரிகையால் துடைப்பது இதைவிடச் சிக்கனம். சிங்க் ஓட்டையில் வலை, மீன் செதிலும் சோறும் அதில் நிற்கும். கொமட்டில் மலமும் தண்ணீரும் தவிர வேறெதுவும் வேண்டாம். பேம்பர்ஸ், ஈரத் துடைப்பான், சனிட்டரி நப்கின், சிகரெட் கட்டை, பஞ்சு இவை எதுவும் கரையாது. 'கரையும்' என்று பக்கெட்டில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

சமையல் நீரையும் குளியல் நீரையும் தெருக் கானில் விடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அந்தக் கான் மழைநீருக்கானது. பொதுத் தொல்லைகள் பற்றிய 1862ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, பீ.எச்.ஐ. வழக்குப் போடலாம். குளியல் நீரைத் தொட்டிக்கு விடாமல் நேரே தனி உறிஞ்சுகுழிக்கு விட்டால் தொட்டிக்குச் சுமை பாதியாகும். மலக்கழிவு உள்ளே அதிக நேரம் தங்கி நன்றாகத் தெளியும். குறைந்தது ஒரு நாளாவது நீர் தொட்டியில் தங்கவேண்டும் என்பதே அடிப்படை. இடம் இருந்தால் இதைச் செய்யுங்கள். அந்தக் குழிக்குப் பக்கத்தில் இரண்டு வாழை வையுங்கள், நன்றாகக் குடிக்கும். பலா, மா, அரசு வேண்டாம், அவற்றின் வேர் குழாய் மூட்டுக்குள் நூலாக நுழைந்து கயிறாக வெளியே வரும்.

காற்றுக் குழாயைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். தொட்டியில் இருந்து கூரைக்கு மேலே போகும் அந்த இரண்டங்குலக் குழாய் அடைபட்டாலோ இல்லாமலே இருந்தாலோ, ஃபிளஷ் அடிக்கும்போது காற்று வேறு வழி தேடும். உங்கள் தரை ஓட்டைச் சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், குருவிக்கூடு இருக்கிறதா என்று ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் வாயில் நைலோன் நுளம்பு வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு தெளிந்த நீரைத் தேடும். கழிவுத் தொட்டியை விரும்புவது கியூலெக்ஸ், யானைக்கால் நோயைப் பரப்பும் இனம். மேல் மாகாணம் அந்த நோய் இருந்த பகுதி. இலங்கை அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. நுளம்புக்கு அந்தச் சான்றிதழ் பற்றித் தெரியாது, வலையைக் கட்டிவிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் நாற்றம் என்றால் தொட்டியை விட்டுவிட்டுப் பாவனையில்லாத குளியலறையைப் பாருங்கள். தரை ஓட்டையின் வளைவில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றினால் சரி.

பவுசர் கூப்பிடுவதற்கு முதலில் உங்கள் மாநகரசபையைக் கேளுங்கள். தனியாரைக் கூப்பிட்டால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் இரவில் ஏதாவது வாய்க்காலில் இறங்கும் என்று நினைத்துக்கொள்ளலாம். வந்தவர்கள் மேல் தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போகப் பார்ப்பார்கள். அதுதான் வேகமான வேலை. ஆடையை உடைத்து, குழாயை அடிவரை இறக்கி, இரண்டு அறையும் எடுக்கவேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். முடிந்ததும் தடியை இறக்கிப் பாருங்கள், பிறகு காசைக் கொடுங்கள். நல்ல மழைக்காலத்தில், நிலம் ஊறிக் கிடக்கும்போது தொட்டியை முற்றாகக் காலி செய்யாதீர்கள். வெளியே இருக்கும் நீரின் அழுத்தம் வெற்றுத் தொட்டியைத் தூக்கிவிடும், சுவரை வெடிக்கவைக்கும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியதுபோல ஒரு வெள்ளம் வந்தால், நீர் வடிந்து நிலம் கொஞ்சம் காய்ந்த பிறகே பவுசர். பிளாஸ்டிக் தொட்டி என்றால் இன்னும் கவனம், காலி செய்த கையோடு தோட்டத்துக் குழாயால் பாதிக்காவது நீர் விட்டுவிடுங்கள்.

தொட்டி எங்கே என்றே தெரியாத வீடுகளும் உண்டு. பிள்ளைகளுக்குக் காணியைப் பிரித்துக் கொடுத்த இடங்களில் அண்ணனின் தொட்டி தங்கச்சியின் வரவேற்பறைக்குக் கீழே இருக்கும், இதில் குடும்ப வழக்கு வேறு. கடைசி மேன்ஹோலில் இருந்து குழாய் போகும் திசையில் அலவாங்கால் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சத்தம் பானையைத் தட்டியதுபோல் மாறும். கண்டுபிடித்ததும் ஒரு தாளில் படம் வரைந்து, மதிலில் இருந்து எத்தனை அடி என்று எழுதி, மின்மானிப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

கொழும்பு மாநகரசபை எல்லைக்குள் இருப்பவர்களில் பலருக்கு இந்தக் கவலைகளில் பாதி இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட பாதாளச் சாக்கடை முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கழிவைக் கடலுக்குள் கொண்டுபோகிறது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அப்படியொரு குழாய் போகிறதா என்று சபையில் விசாரிப்பதில் நட்டமில்லை. இணைக்க முடிந்தால் குழி வெட்டும் காசை அதில் போடுங்கள்.

ஆக, உங்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு: இந்த ஞாயிறு மழையில்லாவிட்டால் முதலில் நீலத் தண்ணீர். அது பொய்த்தால் கிணற்றை எட்டிப் பாருங்கள். தொட்டியைப் போன மாதம்தான் எடுத்தீர்கள் என்பதால் தடி இப்போதைக்கு வேண்டாம், அடுத்த வருடம் இதே மாதம் இறக்குங்கள். மேசனுக்கு முற்பணம் கொடுத்திருந்தால் அதைப் பீலிக் குழாய் மாற்றும் வேலைக்குத் திருப்பிவிட முடியுமா என்று கேளுங்கள். அடுத்த மழையில் கொமட் என்ன செய்கிறது என்பதையும், காலி வீதிக்கு எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள், குழி தேவைதானா என்று அப்போது பார்ப்போம்.